‘அதெல்லாம் சகஜம்மா!’

அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு மீன்கார அக்கா வருவார். வீராம்பட்டினத்துக்காரர். காலை ஏழரைக்குள் கூடையோடு தெருமுனையில் குரல் கேட்கும். வஞ்சிரம் இருக்கிறதா, சங்கரா இருக்கிறதா என்பது குரலின் உற்சாகத்திலேயே தெரிந்துவிடும். இப்போது அந்தக் குரல் வருவதில்லை. ஆறேழு மாதமாக அவருடைய மகள் வருகிறாள். கூடை அதே கூடைதான்.

அக்காவுக்கு என்ன ஆச்சு என்று தெருவில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். சர்க்கரை என்றார் ஒருவர். கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களாம் என்றார் இன்னொருவர். கடைசியில் நானே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

“கூடை தூக்குனா ஒழுவுதும்மா. இருமுனா ஒழுவுது. சிரிச்சா ஒழுவுது. எத்தினி வருசம் துணி வெச்சிக்கினே சுத்துறது? ஆடித் தேருக்கு வடம் புடிக்கக்கூடப் போறதில்ல. அதான் ஆபரேசன் பண்ணிக்கினேன்.”

மூன்று பிள்ளைகள் பெற்றவர். இருபத்தைந்து வருடம் தலையில் சுமை. இடுப்புக்குக் கீழே இருக்கும் தசைகள் தளர்ந்து, அழுத்தம் வரும்போது சிறுநீர் கசிவது இப்படிப்பட்ட பெண்களுக்கு மிகவும் அதிகம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் ஏறும் முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், கல்யாண வீட்டில் போனதுமே பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அக்கா தைரியமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். கடன் வாங்கித்தான் போனார். அங்கே அவருக்கு ஒரு நாடா வைத்தார்கள். அதாவது, சிறுநீர்க் குழாய்க்குக் கீழே ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வலைப் பட்டை. அரை மணி நேர வேலை. இரண்டாம் நாள் சிறுநீர் டியூபை எடுத்தார்கள், மருந்துச் சீட்டு கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று ராத்திரியே தொந்தரவு ஆரம்பம். உட்கார்ந்தால் வரவில்லை. முக்கினால் நாலு சொட்டு. அடிவயிறு கல் மாதிரி. ஆனால் படுத்தால் தானாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்காரர், “இவ்ளோ செலவு பண்ணியும் ஒழுவுதா?” என்று கத்தியிருக்கிறார். மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். போனை எடுத்தவர் சொன்னாராம்: “அதெல்லாம் சகஜம்மா. ஆபரேஷன் பண்ண இடம் வீங்கியிருக்கும். தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க.”

குடித்தார். சொம்பு சொம்பாகக் குடித்தார். வெளியே போக வழியில்லாத பைக்குள் மேலும் மேலும் ஊற்றினார். மூன்று வாரம் கழித்து ஜுரத்தோடும் முதுகு வலியோடும் வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, டியூப் போட்டவுடன் ஒரு லிட்டருக்கு மேல் வந்ததாம். படுக்கையில் சொட்டியது பழைய கசிவு இல்லை. தொட்டி நிரம்பி வழிந்த நீர் அது. நாடா இறுக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குள் சதை பிடித்துவிட்டதால் தளர்த்த முடியாது, வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். வெட்டினார்கள். இப்போது சிறுநீர் போகிறது. பழைய கசிவும் பாதி திரும்பி வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. நாடா இறுகியதற்காக இல்லை. எந்த ஆபரேஷனிலும் சில பேருக்குச் சிக்கல் வரும். நல்ல டாக்டர் கையிலும் வரும். அதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. என் கோபமெல்லாம் போனில் வந்த அந்த ஒரு வார்த்தை மேல்தான். சகஜம்!

ஏன் என்று விளக்குகிறேன். 1990-களின் நடுவில் ஸ்வீடன் நாட்டு மகப்பேறு மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் இந்த நாடா முறையை உலகத்துக்குக் கொடுத்தார். அதற்கு முன்பு வயிற்றைக் கிழித்து, தையல் போட்டு, ஒரு வாரம் படுக்க வைக்கிற ஆபரேஷன்தான். இது வந்ததும் பெண்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பினார்கள். உலகம் முழுக்கப் பரவியது. பல லட்சம் பெண்களுக்கு நிம்மதி கொடுத்ததும் உண்மைதான். அந்த நாடா பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கில் பின்னியது. குடலிறக்க ஆபரேஷனில் வைக்கிற வலையும் பெரும்பாலும் இதே சரக்குதான். அதன் கண்ணிகளுக்குள் உடம்பின் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் அது அசையாமல் நிற்கிறது.

அதே காரணத்தால்தான் அதை எடுப்பதும் கஷ்டம். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக் கட்டிடச் சுவர்களில் ஆலங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைத்த வாரத்தில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஒரு மழைக்காலம் போய்விட்டால் சுவரை இடிக்காமல் வராது. இந்த நாடாவும் அப்படித்தான். இறுக்கமாகிவிட்டது என்று முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தெரிந்தால், அதைக் கொஞ்சம் கீழே இழுத்துத் தளர்த்திவிட முடியும். அதற்கு மேல் போனால் வெட்டுவதுதான் வழி. அக்காவிடம் அந்த நாட்கள் இருந்தன. ‘சகஜம்’ என்ற ஒரு வார்த்தை அதைத் தின்றுவிட்டது.

அப்படியானால் எது சகஜம், எது சகஜம் இல்லை? டாக்டர்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். டாக்டர்களிடம் கேட்டு, படித்துத்தான் சொல்கிறேன்.

சில நாளைக்கு லேசான வலி, லேசான ரத்தக் கசிவு, உட்கார்ந்து எழுந்தால் ஒரு இழுப்பு, இதெல்லாம் இருக்கும். ஆனால் டியூபை எடுத்த பிறகு நாலைந்து மணி நேரமாகியும் தாராளமாகப் போகவில்லை என்றால், அது ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். முக்கினால்தான் வருகிறது, நூல் மாதிரி வருகிறது, போய்விட்டு வந்தும் பாக்கி இருப்பதுபோல இருக்கிறது, முன்னால் குனிந்தால்தான் வருகிறது என்றாலும் அப்படியே. பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதை ஸ்கேனில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மிச்சம் நின்றுகொண்டே இருந்தால் கிருமி வரும். கவனிக்காமல் விட்டால் கிட்னி வரைக்கும் போகும்.

இருமாமலே, படுத்திருக்கும்போதும் நிற்காமல் சொட்டினால் ‘ஆபரேஷன் பலிக்கலை’ என்று முடிவுகட்டி மூலையில் உட்காராதீர்கள். ஒன்று, அக்காவுக்கு ஆன மாதிரி நிரம்பி வழிகிறது. இல்லையென்றால், அபூர்வமாக, பையிலோ குழாயிலோ ஓட்டை விழுந்து பிறப்புறுப்பு வழியாக வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, துணி மடித்து வைப்பது வைத்தியமில்லை. சிறுநீரில் ரத்தம் கட்டியாக வருவது, குளிர் ஜுரம், தாங்க முடியாத எரிச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ வீங்கிக்கொண்டே போவது, கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கு ஆட்டோவே தாமதம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கழித்து வரும். அப்போது ஆபரேஷனையும் வலியையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன். முன்பு இல்லாத அவசரம், அதாவது வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாமை. மாதவிலக்கு நின்ற பிறகும் திட்டுத் திட்டாக ரத்தம். தொடையில், இடுப்பில், சுருக்கென்று குத்தல். தாம்பத்தியத்தில் வலி. சில வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பவர் கணவர்தான்! “என்னமோ குத்துது” என்பார். அது கற்பனை இல்லை. நாடாவின் ஓரம் சதையை அரித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். எழுதுவதற்கு எனக்குக் கூச்சமில்லை. படிப்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் மன்னியுங்கள், ஆனால் இந்தப் பத்தியை மடித்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் இதைச் சொல்ல வெட்கப்பட்டு வலியைத் தாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் நிறையப் பேர்.

அப்படிப் போய்ச் சொன்னவர்களுக்கும் என்ன நடந்தது? இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே பெண்கள் வருடக்கணக்காகக் கத்தினார்கள். வயசானா அப்படித்தான், மனசில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட வேண்டியிருந்தது. 2018 ஜூலையில், கசிவுக்கு இந்த நாடா வைப்பதையே அங்கே நிறுத்தி வைத்தார்கள். 2020 ஜூலையில் வந்த குழுவின் அறிக்கை, நாடாவையும் வலையையும் பற்றிப் பேசியதோடு, பெண்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பதைப் பக்கம் பக்கமாகப் பேசியது. ஆஸ்திரேலியாவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மேல் பெண்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். ஆபத்துகளைச் சரியாக எச்சரிக்கவில்லை என்று 2019 நவம்பரில் நீதிபதி அன்னா காட்ஸ்மன் தீர்ப்பளித்தார். 2022-ல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. நியூஸிலாந்து 2023-ல் இந்த நாடாவை நிறுத்தி வைத்தது.

உடனே, ‘பார்த்தீர்களா, வெளிநாட்டில் தடை செய்த குப்பையை நம்ம ஊரில் வைக்கிறாங்க’ என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. அமெரிக்கா 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது, கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கிற பெரிய வலைகளை. கசிவுக்கு வைக்கிற சின்ன நாடா அங்கே இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் நாடா வைத்துக்கொண்ட 95,057 பெண்களின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. ஒன்பது வருடத்துக்குள் அதை வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள் 100-க்கு 3 பேர் சொச்சம். மீதி 97 பேருக்கு எடுக்க வேண்டி வரவில்லை. ஆகவே தடை செய் என்று நான் கொடி பிடிக்கவில்லை. அந்த மூன்று பேர் யார் என்று சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்கிறேன்.

கவனித்தீர்களா, அவர்களால் எண்ண முடிந்தது. 95,057 என்று கடைசி இலக்கம் வரை! இங்கே? இந்தியாவில் இந்த நாடா வைத்துக்கொண்ட பெண்களுக்கென்று தேசியப் பதிவேடு எதுவும் கிடையாது. பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். இடுப்பு எலும்புக்கு வைக்கிற ஏ.எஸ்.ஆர். என்கிற செயற்கை மூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதுவும் ஜான்சன் அண்ட் ஜான்சன் குடும்பத்துச் சரக்குதான். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அதை வைத்திருந்தார்கள். 2017-ல் மத்திய அரசு குழு போட்டுத் தேடினால், அதில் பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நஷ்டஈடு 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 23 லட்சம் வரை என்று 2018-ல் ஒருவழியாக முடிவானது. வாங்கிக்கொள்ள வேண்டியவர்களைத்தான் காணோம்.

எங்கள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோமானியச் சாடியின் உடைந்த ஓட்டுத் துண்டு, கண்ணாடி மணி, எல்லாவற்றையும் எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்தார்கள். செத்துப்போன ஊரின் ஓட்டுக்கு உள்ள மரியாதை, உயிரோடு இருக்கிற வீராம்பட்டினத்துப் பெண்ணின் உடம்புக்குள் வைத்த பொருளுக்கு இல்லை. அக்காவிடம், “உங்களுக்கு வெச்சது எந்தக் கம்பெனி, என்ன பேரு?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். இங்கிலீஷில் நாலு வரி. நாடா வைத்தது என்று ஒரு வரி, மாத்திரை மூன்று வரி. கம்பெனி பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. என்னவெல்லாம் நடந்தால் ஓடிவர வேண்டும் என்பதும் இல்லை.

இத்தனைக்கும் அந்த எண் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நாடா வருகிற பெட்டிக்குள் ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும். இன்னொன்றை நோயாளியின் காகிதத்திலும் ஒட்டிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கோந்துச் செலவா?

தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சண்டை போட்டேன். “மேடம், எல்லாச் சிக்கலையும் உட்கார வெச்சு சொன்னா பயந்து ஓடிடுவாங்க. தேவையான ஆபரேஷனையே பண்ணிக்க மாட்டாங்க. ஓ.பி.-ல நூறு பேர் நிக்கிறாங்க, எனக்கு நேரம் எங்கே?” என்றார். நல்ல மனுஷர்தான். நேரமில்லை என்பதும் பொய் இல்லை. ஆனால் கடையில் போய் அஞ்சு லிட்டர் குக்கர் வாங்கினால் தமிழில் ஒரு புத்தகம் தருகிறார்கள். விசில் வராவிட்டால் என்ன செய்வது, வால்வ் அடைத்தால் என்ன செய்வது என்று படம் போட்டு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் குக்கர் வேண்டாம் என்று ஓடிப்போனதாக நான் கேள்விப்படவில்லை. அரைப் பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்க டாக்டரின் நேரம் எதற்கு? நர்ஸ் ஒருவர் ஐந்து நிமிடம் படித்துக் காட்டினால் போதும். போனை எடுக்கிறவர் மேஜையிலும் அதே காகிதத்தை ஒட்டி வையுங்கள். ‘தண்ணி குடிங்க’ என்று சொல்வதற்கு முன்னால், ‘கடைசியா எப்போ தாராளமாப் போச்சு?’ என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.

பயந்து ஓடிவிடுவார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. டெல்லியில் ஒரு பெண்ணைப் பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, வெளியே நின்ற அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அது சம்மதமே இல்லை என்றது. என்ன செய்யப்போகிறோம், வேறு வழி என்ன இருக்கிறது, கணிசமான ஆபத்து என்ன என்று நோயாளியிடமே விளக்கி வாங்குவதுதான் சம்மதம் என்று எழுதியது. இங்கே இன்னமும் இங்கிலீஷ் ஃபாரத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

வேறு வழியும் உண்டு, அதையும் சொல்லுங்கள். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கிப் பழகும் பயிற்சியை, சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக் குறைந்தது 3 மாதம் செய்துவிட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இங்கிலாந்து வழிகாட்டுதல். அக்காவுக்கு 3 நிமிடம்கூட யாரும் அதைச் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பவர்களுக்கு அவர்கள் உடம்பிலிருந்தே தசையுறையை எடுத்து ஊஞ்சல் கட்டும் முறையும் இருக்கிறது. அதிலும் சிறுநீர் அடைப்பு வரலாம். சிக்கலே இல்லாத ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒன்று. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து உங்கள் கேஸ் ஷீட் நகலைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி சொல்கிறது. உடம்புக்குள் வைத்த கருவியால் தொந்தரவு என்றால், அதைப் பதிவு செய்ய 2015-லிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்று காஜியாபாத்தில் நடக்கிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024. நம் ஊர் ஆஸ்பத்திரிச் சுவர் எதிலும் இந்த எண் எழுதி நான் பார்த்ததில்லை. புண், வலி என்றால் ஆபரேஷன் செய்த இடத்திலேயே ‘சகஜம்’ கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோரிமேடு ஜிப்மரில் மகளிர் நோய்ப் பிரிவும் இருக்கிறது, சிறுநீரகப் பிரிவும் இருக்கிறது.

போன வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு முதல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தோம். கவுன்ட்டரில் இருந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எதுக்குங்க இது? கேஸு கீஸு போடப் போறீங்களா?” என்றான்.

“இல்ல தம்பி. எனக்குள்ளாற இன்னா கீதுன்னு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்” என்றார் அக்கா.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.